அல்லது அதற்கு இணையானது

மாநகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிவுநீர்ப் பிரிவுக்கு வேண்டிய சாமான்களை வாங்கித் தரும் மேசை அவளுடையது. பம்புக்குப் பேரிங், மோட்டாருக்கு வயர், குழி மூடிக்குக் கீல், கையுறை, ரப்பர் பூட்ஸ் என்று எதுவானாலும் அவள் கோப்பைத் தாண்டித்தான் கீழே போகும். ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்கக்கூடாது என்பது கொள்முதல் விதி. பெயரை எழுதியே தீரவேண்டும் என்றால் பக்கத்திலேயே ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்க்க வேண்டும். அவள் அதை ஒரு கோப்பிலும் விட்டதில்லை. அதனால் ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு ‘இணையம்மா’ என்று பெயர்.

அவள் கணவன் அதே பிரிவில் ஜெட்டிங் வண்டி ஓட்டுகிறவன். அவனையும் விட்டுவைக்கவில்லை. “அண்ணே, நீங்க ஒரிஜினலா, இல்ல இணையானதா?” என்று கேட்பார்கள். அவனும் சளைக்காமல், “மூணு பேர்கிட்ட விலை கேட்டா. மத்த ரெண்டு பேரும் தப்பிச்சு ஓடிட்டாங்க” என்பான்.

அந்த வண்டிக்கும் பெயர் உண்டு. யானை. தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நீளமான ஹோஸைச் சாக்கடைக்குள் விட்டு, அசுர வேகத்தில் பீய்ச்சி அடைப்பை உடைக்கும். பிறகு கசடை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். நகரத்தில் அப்படி ஒரே ஒரு வண்டிதான். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தபோது அதன் பிரஷர் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே நைந்து, மேல் தோல் வெடித்து, கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தது. யானை ஷெட்டில் படுத்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வண்டி இல்லாத டிரைவர் வீட்டில் சும்மா இருப்பானா? ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றினான். அதை மாட்டிவிட்டுச் சமையலறைக் குழாயைக் கழற்றினான். குழாய் அதற்கு முன் சொட்டியதில்லை, பிறகு சொட்ட ஆரம்பித்தது.

“உங்களுக்குக் கை அரிச்சா சொறிஞ்சுக்கோங்க. என் வீட்டைப் பிரிச்சுப் போடாதீங்க” என்றாள் அவள்.

“ஹோஸை வாங்கிக் குடு. நான் ஏன் வீட்டுல இருக்கேன்?”

“அது என்ன கடைக்குப் போய்க் கயிறு வாங்குற மாதிரியா? டெண்டர் திறக்கணும், ஒப்பிட்டுப் பாக்கணும், ஒப்புதல் வாங்கணும்…”

“உங்க ஆபீஸ்ல ஒப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஊரே மிதந்துரும்.”

அவன் சொன்னதில் பாதி உண்மைதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தாழ்வான தெருவில் ஏற்கெனவே குழி மூடிகளின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கம்பி போட்டுக் குத்திப் பார்த்தார்கள். குத்திய இடம் மட்டும் வழிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அந்த வட்டத்துக் கவுன்சிலர் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கத்துவார். இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டுக் கத்துவார். அவளுக்குக் கத்துவதற்கு ஆள் இல்லை. மேசையை விட்டு எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவாள். உட்கார்ந்த மாதிரியே இருக்காது. மறுபடி எழுவாள்.

டெண்டரில் குறைந்த விலை சொன்ன கம்பெனியின் ஹோஸ் வந்து இறங்கியது. அதே கறுப்பு, அதே கனம், பளபளவென்று இருந்தது. கூட வந்த விற்பனைப் பிரதிநிதிக்கு வேலைக்குச் சேர்ந்த புதுசு போலிருந்தது. கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான்.

“மேடம், நீங்க எழுதின பிராண்டுக்கு இது நூறு சதவீதம் இணையானது. டெஸ்ட் சர்டிஃபிகேட் இருக்கு, பாருங்க.”

அவள் பார்த்தாள். முத்திரை, கையெழுத்து, எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. இன்ஜினியர் பின்னாலேயே நின்றார். வழுக்கைத் தலையில் வியர்வை துளிர்த்திருந்தது.

“வாங்கிக்கிட்டோம்னு ஒரு கையெழுத்தைப் போடுங்கம்மா. இன்னைக்கே மாட்டிரலாம்.”

பேனாவை எடுத்தாள். வாங்குகிறவர் முன்னிலையில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. எல்லாச் சாமானுக்கும் அந்த வரி உண்டு. எல்லாச் சாமானுக்கும் அதைக் காகிதத்திலேயே முடித்துக்கொள்வதுதான் வழக்கம். பேரிங் உடைந்தால் பம்பு நிற்கும், அவ்வளவுதான். இந்த ஹோஸ் உடைந்தால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து சேர வேண்டியவன்.

பேனாவை மூடினாள். “டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுப் போடுறேன் சார்.”

“சர்டிஃபிகேட் இருக்கே!”

“இருக்கு. ஒப்பந்தத்துல டெஸ்ட்டும் இருக்கு.”

இன்ஜினியர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறீங்களேம்மா.”

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. கணவன் ஒர்க்‌ஷாப்பில் ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“நல்லாத்தான் இருக்கு. வளைச்சுப் பாத்தேன், தட்டிப் பாத்தேன். எதுக்கு இப்ப டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு?”

“வளைச்சுப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிருமா?”

“நான் எத்தனை வருஷமா ஹோஸ் பிடிக்கிறேன்?”

“நானும் அத்தனை வருஷமா உங்களைப் பாக்குறேன். நல்லாத்தான் இருக்குன்னு நீங்க சொல்லித்தான் அந்த பைக்கை வாங்கினோம்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த பைக் பாதி நாள் ஓடியது, மீதி நாள் தள்ளப்பட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தான். “நெட்டையன் தினமும் கம்பி போட்டுப் போட்டுக் கை கொப்புளிச்சுக் கிடக்கான். உன் விதியை அவன்கிட்ட வந்து சொல்லு.”

நெட்டையன் அவனோடு வேலை செய்கிறவன். இன்னும் நிரந்தரமாகாத ஒப்பந்தத் தொழிலாளி. அவனைச் சொன்னதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சோதனையையும் விடவில்லை.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் ஹோஸை யானையின் பின்புறத்தில் மாட்டி, நீளமாக முற்றத்தில் விரித்து, மறுமுனையை அடைத்திருந்தார்கள். சோதனை என்றால் தள்ளி நின்று பார்ப்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வந்து பார்த்தால், அழுத்தத்தை ஏற்றும் பிடி வண்டியின் பின்னால், ஹோஸ் மாட்டிய இடத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் இருந்தது. அவள் கணவன் அங்கே கையை மடித்து விட்டுக்கொண்டு நின்றான்.

“நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க?”

“வேற யாரு நிப்பா? நீதானே டெஸ்ட்டு கேட்ட?”

சோதனையே வேண்டாம் என்று சொல்லலாம். அப்போது நாளைக்கு நடுத்தெருவில் இதே பிடிக்குப் பக்கத்தில் இதே ஆள் நிற்பான். சுற்றிலும் பார்த்தாள். பழைய சாமான் குவியலில் துருப்பிடித்த இரும்புக் கதவு ஒன்று சாய்ந்து கிடந்தது.

“அந்தக் கதவைத் தூக்கிட்டு வாங்க. அவருக்கும் ஹோஸுக்கும் நடுவுல நிறுத்துங்க. ஹோஸுக்கு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கணும்.”

“கல்யாணப் பந்தலா போடப்போறோம்?” என்று யாரோ முனகினார்கள். நெட்டையன் மட்டும் கொப்புளம் உடைந்த கையோடு கதவின் ஒரு முனையைத் தூக்கினான். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்ததும் அவள் பிரதிநிதியைத் திரும்பிப் பார்த்தாள். “நூறு சதவீதம்னு சொன்னீங்கல்ல? பக்கத்துல போய் நின்னு பாருங்களேன்.”

அவனுக்குச் சரியாக அந்த நேரத்தில் ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்துவிட்டான்.

பம்பு ஓட ஆரம்பித்தது. ஹோஸ் தரையில் சிலிர்த்து நிமிர்ந்தது. அழுத்தம் காட்டும் முள் மெதுவாக ஏறியது. வண்டி வழக்கமாக வேலை செய்யும் அழுத்தத்தைத் தொட்டது. ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் கொஞ்சம் மேலே போனது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கணவன் கதவுக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டி அவளைப் பார்த்துச் சிரித்தான். ‘பாத்தியா?’ என்று அர்த்தம்.

“போதும்மா, போதும்” என்றார் இன்ஜினியர். “நிறுத்துங்கப்பா.”

“நிறுத்தக்கூடாது சார். கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுப் பாக்கணும்னு இருக்கு. தலையை உள்ள எடுங்க!” கடைசி வார்த்தை கணவனுக்கு. வீட்டுக் குரலில் கத்திவிட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கவில்லை. ஹோஸும் அதன் பித்தளைக் கப்ளிங்கும் சேரும் இடம் பிய்த்துக்கொண்டது. சத்தத்தில் ஷெட் கூரையில் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அறுந்த முனை பாம்பு மாதிரி எழும்பி, இரும்புக் கதவில் அறைந்து, மணல் மூட்டை ஒன்றைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. முற்றம் முழுக்க நீர்ப்புகை. அவள் எப்போது ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவுக்குப் பின்னால் அவன் நனைந்து, பிடியைக் கீழே இறக்கிவிட்டு, அப்படியே நின்றுகொண்டிருந்தான். கதவின் நடுவில் தலையளவு பள்ளம்.

அவன் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தான். தம்ளர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் பிரதிநிதியைக் காணவில்லை.

செய்தது சரி என்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். மத்தியானத்துக்குள் அந்த ஆசையும் போய்விட்டது. யானை இன்னும் படுத்தபடிதான் இருந்தது. “ஹோஸை வெடிக்க வெச்சுட்டாங்களாமே” என்று மாடிப்படியில் பேசிக்கொண்டார்கள். விதிப்படி அந்தக் கம்பெனிக்கு மாற்று ஹோஸ் கொடுக்க அவகாசம் தர வேண்டும். கொடுக்காவிட்டால் மறுபடி டெண்டர். இரண்டுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அடுத்த குறைந்த விலை சொன்ன கம்பெனியின் கிடங்கு ஊரை ஒட்டியே இருந்தது, ஹோஸும் இருந்தது. ஆனால் நேராகப் போய் வாங்க முடியாது.

முடியாது என்று சொல்ல முடியாதபடி விதியில் ஒரு சந்து இருந்தது. மனித உயிருக்கு ஆபத்து என்று எழுதினால், ஆணையர் கையெழுத்தில் நேரடியாக வாங்கலாம். அவள் அதை எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனாள்.

“உயிருக்கு ஆபத்தா? யார் உயிருக்கு?” என்றார் அவர்.

“வண்டி இல்லைன்னா கடைசியில ஆளைத்தானே சார் இறக்குவாங்க?”

“ஆளை இறக்கக்கூடாதுன்னு உத்தரவு இருக்கும்மா. இறக்குறதே இல்லைன்னுதான் மாசாமாசம் நான் எழுதிக் குடுக்கிறேன். இப்ப உயிருக்கு ஆபத்துன்னு எழுதினா, அப்ப இறக்குவோம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?” அவர் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. “மத்தளத்துக்கு ரெண்டு பக்கம்தான் அடி. எனக்கு எல்லாப் பக்கமும்.”

கோப்பு அவள் மேசைக்கே திரும்பி வந்தது. அவளும் கோப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் விடியும்போதே மழை. பெரிய மழை இல்லை, ஆனால் நின்றபாடாகவும் இல்லை. அவள் அலுவலகம் வந்து குடையை மடிப்பதற்குள் கணவன் ஃபோன் செய்தான். பின்னணியில் ஏகப்பட்ட குரல்கள்.

“தாழ்வான தெருவுல இருக்கோம். தண்ணி வீட்டுக்குள்ள போயிருச்சு. கவுன்சிலர் வந்திருக்காரு. நெட்டையனை உள்ள இறங்கச் சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

“எல்லாரும்தான். இன்ஜினியரும் சொல்லிட்டாரு. இறங்கினா வேலை நிரந்தரம்னு கவுன்சிலர் ஆசை காட்டிட்டாரு. இவன் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நிக்கிறான்.”

“இறங்க விடாதீங்க!”

“விடல. மூடியைப் போட்டு, அது மேல நான் உட்கார்ந்திருக்கேன்.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. “எங்க உட்கார்ந்திருக்கீங்க?”

“குழி மூடி மேல. மழையில. எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு திட்டுறாங்க.” பக்கத்தில் நெட்டையன் குரல் கேட்டது: “நகருங்கண்ணே, எனக்கு இது பழக்கம்தான். என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க.” கணவன் அவனுக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு ஃபோனுக்கு வந்தான். “எவ்வளவு நேரம் உட்கார முடியும்னு தெரியல. நாலு பேரு சேர்ந்து தூக்கினா தூக்கிப் போட்டுருவாங்க. நீ ஏதாவது பண்ணு.”

ஃபோன் கட்டாகிவிட்டது.

அவள் கோப்பைத் திறந்தாள். ‘உயிருக்கு ஆபத்து உள்ளதா’ என்ற கேள்விக்கு எதிரே இன்ஜினியர் காலியாக விட்டிருந்த இடத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது அவள் போட வேண்டிய இடம் இல்லை. கோப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மழையில் முற்றத்தைக் கடந்து, ஆணையர் கட்டிடத்தின் படிகளில் ஏறினாள். லிஃப்டுக்காக நிற்கப் பொறுமை இல்லை.

உள்ளே கூட்டம் நடக்கிறது, உட்காருங்கள் என்றார் உதவியாளர். உட்கார்ந்தாள். எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். “அம்மா, உங்களைப் பாத்தா எனக்கே தலை சுத்துது. உட்காருங்க” என்றார் அவர். கதவு கொஞ்சம் திறந்து டீக்கோப்பைகள் வெளியே வந்தன. கோப்பைகள் வந்த வழியாக அவள் உள்ளே போனாள்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஆணையர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல ஜலதோஷம்.

“யார் நீங்க?”

“கழிவுநீர்ப் பிரிவு, கொள்முதல் சார். தாழ்வான தெருவுல இப்ப ஒரு ஆளைக் குழிக்குள்ள இறக்கப் போறாங்க. இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா இறக்க வேண்டியதில்ல.”

அவர் கோப்பை வாங்கிப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார். “உயிருக்கு ஆபத்துன்னு இன்ஜினியர்தானே எழுதணும்? நீங்க எழுதியிருக்கீங்க.”

“அவர் எழுத மாட்டேன்னுட்டார் சார்.”

“அங்க நடக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. “என் வீட்டுக்காரர் அந்த வண்டி டிரைவர் சார். அவர்தான் இப்ப குழி மூடி மேல உட்கார்ந்து தடுத்துக்கிட்டு இருக்கார்.”

மேசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். ஆணையர் சிரிக்கவில்லை. “அப்ப இது உங்க சொந்த விஷயம்.”

“இறங்கப்போறது அவர் இல்ல சார். இறங்கப்போறவனுக்கும் வீடு இருக்கு. அவன் வீட்டுல இந்த ஆபீஸ்ல வேலை பாக்குற ஆளு இல்ல, அவ்வளவுதான்.”

ஆணையர் ஃபோனை எடுத்து இன்ஜினியரை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தார். மழைச் சத்தமும் கூச்சலும் அறைக்குள் வந்தன.

“ஆளை இறங்கச் சொன்னீங்களா?”

“சார், கவுன்சிலர் பக்கத்துலயே நிக்கிறாரு…”

“அதைக் கேக்கல. நீங்க சொன்னீங்களா, இல்லையா?”

மழை மட்டும் கேட்டது. அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. பொய் எழுதிய குற்றம் அவள் தலையில். மூடி மேல் உட்கார்ந்த குற்றம் அவன் தலையில்.

“சொன்னேன் சார்” என்றார் இன்ஜினியர். “தப்புத்தான். சொன்னேன்.”

“யாரும் இறங்கக்கூடாது. அந்த டிரைவரை அங்கேயே உட்காரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஆணையர் பேனாவைத் தேடினார். “கணக்குத் தணிக்கையில கேள்வி வரும். பதில் நீங்கதான் சொல்லணும்.”

“சொல்றேன் சார்.”

கிடங்குக்கு ஆபீஸ் வேனில் போனாள். வேன் டிரைவர் மிதிக்கிறானா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தது. காலால் அவளே தரையை மிதித்துக்கொண்டு வந்தாள். கிடங்குக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதல்ல எங்களை வேணாம்னீங்க, இப்ப மழையில ஓடி வர்றீங்க” என்று குத்திக்காட்டினார். “ஆமாங்க, ஓடித்தான் வர்றேன். ஏத்துங்க” என்றாள். உருளையில் சுற்றிய ஹோஸை நாலு பேர் உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினார்கள்.

தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே நின்றது. நடுவில், கறுப்புத் தண்ணீரில் இடுப்பு நனைய, அவள் கணவன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் தலைக்கு மேல் ஒரு குடையைப் பிடித்திருந்தார்கள். கிட்டே போனபோதுதான் அது இன்ஜினியர் என்று தெரிந்தது. கவுன்சிலர் தன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

யானையைக் கொண்டுவந்து ஹோஸை மாட்டினார்கள். ஜனங்கள் வாசல்களில் நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்றார்கள். அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“முதல்ல டெஸ்ட்.”

“இப்பவுமா?” என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது.

“விடுங்க, அவ விட மாட்டா” என்றான் கணவன். பல் தந்தி அடித்துக்கொண்டிருந்தாலும் சிரித்தான். “வீட்டுல தோசை திருப்பணும்னாகூட டெஸ்ட் உண்டு.” வரும் வழியில் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, நேற்றைய இரும்புக் கதவையும் வேனிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதை அவனே இறக்கி, தனக்கும் ஹோஸுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டான். யாரும் சொல்லவில்லை. முள் ஏறியது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஹோஸ் தாங்கியது.

பிறகு அது குழிக்குள் போனது. உள்ளே குமுறுகிற சத்தம் தெருவுக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு வீட்டுப் படியில் நனைந்த கோடு ஒன்று வெளியே வந்தது. அதற்குக் கீழே இன்னொரு கோடு. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

அவள் நெட்டையனைத் தேடிப் போனாள். அவன் ஒரு சுவர் ஓரமாக நின்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவள் உதவப் போனாள். அவன் விலகிக்கொண்டான்.

“என் வேலையைக் கெடுத்துட்டீங்க அண்ணி.”

“உள்ள விஷவாயு இருந்திருந்தா?”

“இருந்திருந்தா இருந்திருக்கும். இல்லாமயும் இருந்திருக்கும். இந்நேரம் வெளிய வந்திருப்பேன், நிரந்தரமாகியிருப்பேன்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அண்ணனுக்குச் சம்பளம் வரும். அவர் எங்க வேணும்னாலும் உட்காரலாம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் தப்பு எது என்று யோசித்துப் பார்த்தாள். தப்பு அவனிடம் இல்லை. நகர்ந்து ஒரு வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அந்த வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். “நீங்க யாரு? இவங்ககூட வந்தவங்களா?”

“ஆமாங்க. சாமான் வாங்குறது நான்தான்.”

“அப்படியா?” அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. “எங்க வீட்டுல பழைய வாஷிங் மெஷின் ஒண்ணு கிடக்கு. தண்ணி வேற புகுந்துருச்சு. எடுத்துக்கிறீங்களா? கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா துடைப்பத்தோடு ஒரு அடி பின்னால் போனாள்.

தணிக்கைக் கேள்வி வந்தது. உரிமையில்லாத இடத்தில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்பது முதல் கேள்வி, சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கொள்முதலில் ஏன் தலையிட்டாய் என்பது இரண்டாவது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அடுத்த சம்பள உயர்வை நிறுத்தி வைத்தார்கள். இன்ஜினியரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் அவள் மேசைக்கு வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல், “மழை விட்டுருச்சு போல” என்றார். “விட்டுருச்சு சார்” என்றாள்.

நெட்டையன் ரொம்ப நாள் அவளிடம் பேசவில்லை. வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அவள் கணவன் அவனை யானையின் ஹோஸ் பிடிக்கிற வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான். அது கொப்புளம் வராத வேலை, ஆனால் நிரந்தரமான வேலை இல்லை. யாரை நிரந்தரமாக்குவது என்பதைச் சாமான் வாங்கும் மேசை முடிவு செய்வதில்லை. இருந்தாலும் ஒருநாள் அவள் நாலாவது மாடிக்கு ஏறி, பணியாளர் பிரிவில், ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க என்ன வழி என்று கேட்டாள். அங்கே இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்து, “அதுக்கு ஒரு கோப்பு இருக்கு, எங்க இருக்குன்னுதான் தெரியல” என்றார்.

“தேடிப் பாருங்க. நாளைக்கு வர்றேன்” என்றாள்.

மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். இப்போது அவள் படியில் வருகிற சத்தம் கேட்டாலே அவர் பீரோவைத் திறந்து எதையாவது புரட்ட ஆரம்பித்துவிடுகிறார்.